சரக்கும் அவகாசமும்

ஓசூர் சிப்காட்டின் பிரஸ் ஷாப்பில் தகட்டுப் பிசிறு விரலைக் கிழித்தால், காப்பித்தூளோ மஞ்சளோ அப்பச் சொல்ல ஒருவர் இருப்பார். வைத்ததும் நின்றுவிட்டதே என்பார். நின்றது உண்மை, நிறுத்தியது தூள் அல்ல. அறுபட்ட ரத்தக்குழாய் உடனே சுருங்குகிறது. கிழிந்த சுவரில் வெளிப்படும் கொலாஜன் நாரில் தட்டணுக்கள் வந்து ஒட்டி அடைப்பாகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 1.5 முதல் 4.5 லட்சம் வரை உண்டு. பிறகு திராம்பின் என்ற நொதி, கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்கி அடைப்பின் மேல் வலை பின்னுகிறது. தட்டணுக்கள் கக்கும் வளர்ச்சிக் காரணிகள் பழுதுபார்க்கும் செல்களை வரவழைக்க, உட்சுவர்ச் செல்கள் ஓரங்களிலிருந்து நகர்ந்து கிழிசலை மூடுகின்றன. வேலை முடிந்த வலையைப் பிளாஸ்மின் என்ற நொதி கரைத்துவிடும். சிறு வெட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தூள், காயத்தின் ஆழத்தை மறைத்துக் கிருமிக்கும் வழிவிடுகிறது.

உடம்பு இவ்வளவு கெட்டியென்றால் ரத்தம் கொட்டி உயிர் போவது ஏன்? தமனி அறுந்தால், ஒட்ட வந்த தட்டணுக்களை ரத்தத்தின் வேகமே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சரக்கு இருக்கிறது, அவகாசம் இல்லை. சுத்தமான துணியால் விடாமல் அழுத்துவது அந்த அவகாசத்தைத் தருகிறது. எடுத்தெடுத்துப் பார்ப்பது வலையைப் பிய்க்கிறது. கை நசுங்கி, அழுத்தியும் அடங்காமல் பீறிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டத்தான் வேண்டும்.

அந்தக் கட்டையே தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் போடலாமே என்று தோன்றும். கூடாது. இங்கே தீர்ந்துபோவது சரக்கு. விரியன் நஞ்சு உறைதலைக் கண்டபடி முடுக்கி, ஃபைப்ரினோஜனை உடம்பு முழுக்கச் செலவழித்துவிடுகிறது. ஈறில்கூட ரத்தம் கசியும். (அதே நஞ்சை நீர்க்கச் செய்து, ஹீமோஃபிலியாக்காரரின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1934-இல் மெக்ஃபார்லேன், பார்னெட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். முடுக்குகிற குணம் ஒன்றுதான்; இடமும் அளவும் வேறு.) கட்டு நஞ்சை முறிக்காது, காலை அழுகவும் வைக்கலாம். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு ஓடும் முன், நஞ்சுமுறி மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனையே மேல். ரத்தம் உறைகிறதா என்ற சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம்: உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் அசையாமல். பிளாஸ்டிக் உதவாது, கண்ணாடிச் சுவர்தான் உறைதலைத் தூண்டும். சாய்க்கும்போது ஓடினால் மருந்து ஏற்றுகிறார்கள். அது நஞ்சை முறிக்கும், தீர்ந்த சரக்கை நிரப்பாது; கல்லீரல்தான் புதிதாக உண்டாக்க வேண்டும். அதனால்தான் 6 மணி நேரம் கழித்து புதிதாக ரத்தம் எடுத்து அதே சோதனையை மறுபடி செய்து பார்க்கிறார்கள்.