பல்லுறை கழற்றும் ஒளி

பழுதுற்ற பல்லின் எஞ்சிய பகுதியைச் சீவிச் செப்பனிட்டு, அதன்மேற் பீங்கானாலோ உலோகத்தாலோ ஆன மூடியொன்றை ஒட்டிவிடுதல் பல் வைத்தியத்தில் நெடுங்காலமாக உள்ள முறையாகும். இம்மூடியை வைத்தியர் ‘கிறவுண்’ என்பர். தமிழிற் பல்லுறை எனலாம். உறையைப் பொருத்துதல் நுட்பமான வேலை என்பதைப் பலரும் அறிவர். அதனைக் கழற்றுதல் அதனினும் அரிது என்பதைக் கழற்ற நேர்ந்தோரே அறிவர்.

உறையின் ஓரத்தினூடே சூத்தை மீண்டும் புகுவதுண்டு. அடியிலுள்ள பல்லின் நரம்பறையில் அழற்சி தோன்றுவதுண்டு. பொருத்தும் வேளையிலேயே உறை சிறிது கோணி ஒட்டிவிடுவதும் உண்டு. இத்தகைய வேளைகளில் வைரத்துகள் பதித்த துளைகருவியால் உறையைக் கீறிப் பிளந்தெடுப்பதே வழக்கம். ஆயின், இக்காலப் பீங்கான் உறை பல்லின் நிறத்தையே கொண்டது. அதனை ஒட்டும் பிசின் சீமெந்தும் அந்நிறத்ததே. உறை முடியும் இடம் எது, பல் தொடங்கும் இடம் எது எனக் கண்ணாற் பிரித்தறிதல் எளிதன்று. கருவி சற்றே ஆழ்ந்தால் நல்ல பல் அராவப்பட்டுவிடும். உறை போனால் வேறோர் உறை செய்யலாம். அராவுண்ட பல் மீண்டும் வளராது.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை, வெட்டுவதை விடுத்து ஒட்டை இளக்குவதில் உள்ளது. பலாவுக்குப் பேர்போன தென்மராட்சியில், கொடிகாமச் சந்தையிற் பலாப்பழம் பிளப்போருக்கு இவ்வுண்மை புதிதன்று. கையில் ஒட்டிய பாலை நீக்கத் தோலைச் சுரண்டுவார் எவருமிலர். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பாலையே இளக்குவர். பல்லுறையின் கீழுள்ள ஒட்டை எட்டும் ‘எண்ணெய்’ யாது? அதுவே லேசர் ஒளி. (லேசர் என்பது ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துக்களாலான சொல். மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர் இன்றிருந்தால் இதற்கும் ஒரு தமிழ்ச்சொல் ஆக்கியிருப்பார் போலும்.)

முதல் லேசரை 1960 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் கலிபோர்ணியாவில் தியோடோர் மைமன் என்பார் மாணிக்கக் கோலொன்றினின்று பெற்றார். நான்காண்டு கழியுமுன்னரே அவ்வொளியைப் பல்லின்மீது செலுத்திப் பார்த்தனர். பல்லின் மேலோடு உருகிற்று. வெப்பம் உள்ளே பரவி உயிர்ப்பகுதியை வாட்டும் என்ற அச்சம் எழுந்தது. அதே 1964 இல், மகாராட்டிர மாநிலத்துப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார். மென்மையான தசையை அறுப்பதில் அது பெரும் பெயர் பெற்றது. எனினும் பல்லுக்கு ஏற்ற ஒளி, ஏர்பியம் என்னும் தனிமம் கலந்த பளிங்கினின்றே கிடைத்தது. 1980களின் இறுதியில் ஜேர்மனியில் ஹிப்ஸ்ற், கெல்லர் என்னும் இருவர் அதன் ஆற்றலை எடுத்துக்காட்டினர். 1997 இல் அமெரிக்க அரசின் மருந்து மேற்பார்வைத் திணைக்களம் பல்லின் கடினப் பகுதியில் அதனைப் பயன்படுத்த இசைவளித்தது.

ஏர்பியம் ஒளியின் அலைநீளம் 2940 நானோமீற்றர். கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளி அது. நீர் இவ்வொளியை உறிஞ்சுவதுபோற் பிறிதெதுவும் உறிஞ்சுதல் அரிது. பீங்கானிலோ நீர் இல்லை. ஆகவே ஒளியின் ஒரு பகுதி அதனூடே கடந்து செல்கின்றது. கீழேயுள்ள பிசின் சீமெந்தில் நீரும், முற்றாக இறுகாத பிசிற்கூறுகளும் உள. ஒளி அங்கே தடைப்பட்டு, அவற்றைக் கணத்தில் ஆவியாக்குகின்றது. சுடுமணலில் இட்ட நெல் உள்ளீரம் ஆவியாகிப் பொரியாய் வெடிப்பதை ஒத்தது இது. ஆனால் நெல்லுக்கு வெப்பம் ஊறிச் செல்கின்றது. இங்கோ ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்களவே நிற்றலால், வெப்பம் பரவ அவகாசம் குறைவு. நுண்ணிய வெடிப்புக்கள் தொடர, ஒட்டு நொறுங்குகின்றது. உறை கழன்று வருகின்றது.

சன்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பீற்றர் றெக்மன் குழுவினர், பிடுங்கிய பற்களில் ஒட்டிய முழுப்பீங்கான் உறைகளை இவ்வாறு கழற்றி, 2014 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் உறைக்குச் சராசரியாகச் சில நிமிடங்களே சென்றன. முன்பற்களின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகட்டுக்கும் இம்முறை பொருந்தும். கழற்றிய உறை பழுதின்றியிருப்பின், கோணலாக ஒட்டியதைத் திருத்தி மீண்டும் பொருத்தவுங்கூடும்.

வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கை இன்னும் நீங்கியபாடில்லை. பல்லின் உயிர்ப்பகுதியில் வெப்பநிலை ஐந்தரைப் பாகை செல்சியசு உயர்ந்தபோது, குரங்குப் பற்கள் சிலவற்றில் அப்பகுதி இறந்ததை 1965 இல் சாக், கோகென் என்போர் கண்டனர். ஆகவே லேசரைச் செலுத்துங்கால் நீரைத் தூவிக் குளிர்விப்பர். ஓரிடத்தில் நிறுத்தாது ஒளியை நகர்த்துவர். வைத்தியரும் நோயாளியும் கண்காப்பு அணிதலும் இன்றியமையாதது.

இம்முறையின் பெரும் எல்லை உலோகமே. பொன்னுறையும், உலோகத்தின்மேற் பீங்கான் பூசிய உறையும் ஒளியை உள்ளே விடா. நம் நாட்டில் நீண்ட காலமாக இடப்பட்டவற்றுட் பல இவ்வினத்தன. அவற்றுக்கு இன்றும் துளைகருவியே கதி. சேர்க்கோனியா என்னும் வலிய வெண்பொருளாலான உறை ஒளியை விடுமாயினும் கூடுதலான நேரம் எடுக்கும். பற்குழியை அடைத்த பிசின் அடைப்பை ஏர்பியம் ஒளியால் அகற்றலாம். இரசக்கலவை அடைப்பைத் தொடலாகாது, இரச ஆவி நஞ்சாகும்.

கருவியின் விலையும் பெரிது. ஊர்தோறும் அதை எதிர்பார்த்தல் இயலாது. எனினும் உறை இடுவிப்போர் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. உறை எப்பொருளாலானது, எவ்வகைச் சீமெந்தால் ஒட்டப்பட்டது என்பதை வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பத்தாண்டு கழித்து வேறொரு வைத்தியர் அவ்வுறையைக் கழற்ற முற்படும்போது, ஒளியா துளைகருவியா எனத் துணிவதற்கு அவருக்கு முதலில் வேண்டுவது அக்குறிப்பே.