லொறியின் எண்களை அட்டவணையாக்குவது எப்படி?

திருகோணமலை சீனக்குடாவில் மா மூட்டை ஏற்றும் இன்றைய கனரக லொறிகளில் எஞ்சினும் பிரேக்கும் ஒரே கம்பிச் சோடியில் தகவல் பரிமாறுகின்றன. பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' வலையமைப்பு அது.

அந்த வலையமைப்பில் ஓடும் செய்திகளைப் பதிந்த கோப்பை எக்செலில் திறந்தால் ஏன் ஒன்றும் விளங்குவதில்லை? வரிக்கு வரி நேரம், செய்தி எண், பதினறும எண்களில் பைற்றுகள் மட்டுமே இருக்கும். அவற்றின் பொருள் கோப்பில் இல்லை. கனரக வாகனங்களுக்கான ஜே1939 தரநிலையில் இருக்கிறது.

எப்படிப் பிரிப்பது? 61444ஆம் செய்தியின் நான்காம், ஐந்தாம் பைற்றுகள் எஞ்சின் வேகம். அங்கே '40 38' இருந்தால் வரிசையை மாற்றி 3840 என வாசிக்க வேண்டும். தசமத்தில் அது 14400. 0.125ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு 1800 சுழற்சி.

சிறு பைதன் நிரல் இதை ஒவ்வொரு வரிக்கும் செய்து, காற்புள்ளியிட்ட கோப்பாக எழுதிவிடும். லொறி சும்மா நிற்கையில் எஞ்சின் ஓடிய நேரத்தை இனி கராஜ்காரரே அட்டவணையில் கணக்கிட்டு, வீணாகும் டீசலைத் தடுக்கலாம்.