கணனி மாற்றமும் காலம் அறிதலும்

கார்த்திகை மழைக்கு முன்னரே கிடுகு பின்னி வீடு வேய்ந்துகொள்வது நம் முன்னோர் வழக்கம். ஒழுகட்டும், பின்பு பார்ப்போம் என்று இருந்தவர் இல்லை. அயல் வீட்டார் வேய்கின்றனர் என்பதற்காக நல்ல கூரையைப் பிரித்துப் போட்டவரும் இல்லை. ஒரு கம்பனி தன் காரியாலயக் கணனிகளையும், அவற்றை இயக்கும் மென்பொருளையும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பையும் எப்பொழுது புதுப்பித்தல் வேண்டும் என்னும் வினாவும் இவ்வகையினதே. பணிப்பாளர் சபையில் இவ்வினா எழும்போது, "ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துவான்?" என்பார் ஒருவர். "மற்றக் கம்பனிகள் எல்லாம் மாற்றிவிட்டனவே" என்பார் இன்னொருவர். இவ்விரண்டும் காலத்தைக் கணிக்க உதவுவன அல்ல.

கணனியின் வயதை அளவுகோலாகக் கொள்ளலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். கடிதம் எழுதுவதற்கும் சிறு கணக்கு வைப்பதற்கும் பத்தாண்டுப் பழைய கணனியே போதியதாகலாம். ஆனால் கண்ணுக்குத் தோன்றாத முதுமை ஒன்று உண்டு. மென்பொருளை ஆக்கியோர், அதிற் புதிது புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கான திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பிவருவர். குறித்த ஒரு நாளில் அப்பணியை நிறுத்திவிடுவர். மறுநாட் காலையிலும் கணனி முன்போலவே இயங்கும். ஆகையால் இலிகிதரும் அறியார், முகாமையாளரும் அறியார்.

2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு அந்நாள் 2025 ஒக்டோபர் 14. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறித்ததொரு பாதுகாப்புச் சில்லினை வேண்டுவது. அது பழைய கணனிகள் பலவற்றில் இல்லை. எனவே மென்பொருளை மாற்றப் புகுந்தோர் பலர் இயந்திரத்தையே மாற்ற வேண்டியவராயினர். அவகாசம் வேண்டும் நிறுவனங்களுக்கு, மேலும் மூன்றாண்டுகள் பணம் கட்டித் திருத்தங்களைப் பெறும் வழியும் வைக்கப்பட்டது. கட்டணம் கணனி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டொலர். அடுத்த ஆண்டு அது 122, அதற்கடுத்த ஆண்டு 244. கூட்டிப் பார்த்தால் 427 டொலர். ஓராண்டு அவகாசத்தை விலைகொடுத்து வாங்குதல் விவேகமாகலாம். மூன்றாண்டும் வாங்குவோர், புதுக் கணனிக்கு ஆகக்கூடிய பணத்தைப் பழையதன் மீது செலவிட்டபின், இறுதியிற் புதியதையும் வாங்கவேண்டியவராவர் என்பதே என் கருத்து.

பிற்போடுதலின் விலையை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை, நேயர்களே. அது கம்பனியில் நிகழ்ந்ததன்று, நம் நாட்டின் அரசாங்கத்தில் நிகழ்ந்தது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் அமைப்பு, 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இயங்கிவந்தது. அதனைப் புதுப்பிக்கும் யோசனை 2021 இலேயே இருந்தது. நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் அது தாமதித்தது. 2023 ஏப்ரில் 11 ஆம் நாள் அம்மென்பொருளுக்கான திருத்தங்கள் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் 26 ஆம் நாள், மீட்புப் பணம் கோரும் நச்சு மென்பொருளொன்று உட்புகுந்து கோப்புகளைப் பூட்டிற்று. காப்புப் பிரதிகளும் அதனோடு அகப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளில், மீளப் பெறமுடியாது போயின. நான்கரை மாதங்களுக்கு முன் கூரை வேய்ந்திருந்தால் அம்மழைக்குத் தாங்கியிருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஆயினும் காப்புப் பிரதியைத் தனியே, வலையமைப்புக்கு வெளியே வைத்திருந்தால் கடிதங்களாவது தப்பியிருக்கும்.

புதியது வாங்கிவிட்டாற் போதும் என்பதும் மயக்கமே. 2017 மே 12 ஆம் நாள் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையை ஒரு நச்சு மென்பொருள் தாக்கியபோது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மீதே பழி விழுந்தது. பின்னர் ஆராய்ந்தபோது, பாதிக்கப்பட்டவற்றிற் பெரும்பாலானவை அன்றும் ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணனிகள் எனத் தெரிந்தது. வேண்டிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. அதனைப் பொருத்தாமல் விட்டதே குறை.

இனி, பாதுகாப்பை ஒருபுறம் வைத்து நேரக் கணக்கைப் பார்ப்போம். 20 இலிகிதர்கள் உள்ள ஒரு கந்தோரில், கணனி விழிப்பதற்கும் கோப்பு திறப்பதற்குமாக ஒவ்வொருவரும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் காத்திருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரம். ஆண்டுக்கு 240 வேலைநாட்கள் என்றால் 1,200 மணி நேரம். அந்நேரத்துக்கும் சம்பளம் கொடுபடுகின்றது. கணக்காளரின் ஏட்டில் மட்டும் அது காணப்படுவதில்லை.

காலம் வந்துவிட்டதென்று கண்டபின் அவசரப்படுதலும் ஆகாது. 2018 ஏப்ரிலில் பிரித்தானியாவின் ரீ.எஸ்.பி. வங்கி, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய அமைப்பொன்றுக்கு ஒரே வார இறுதியில் மாற்றிற்று. தரவுகள் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தாங்கவேண்டிய புதிய அமைப்பே தடுமாறிற்று. 19 இலட்சம் பேர் வரையில் தம் கணக்கைத் திறக்கமுடியாது தவித்தனர். 2022 டிசெம்பரில் அவ்வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு மேல். ஆகவே முதலில் ஒரு கிளையில் அல்லது ஒரு பகுதியில் மாற்றிப் பார்த்தல் வேண்டும். சில வாரம் பழையதும் புதியதும் சேர்ந்தே இயங்கட்டும். திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிடலாகாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் இதற்கு ஏற்ற மாதமன்று.

வரவுப் பதிவேடு பார்த்தே பழகிய பாடசாலைக்காரன் நான். ஆதலின் கம்பனிக்காரருக்கும் ஒரு பதிவேட்டையே சொல்லத் தோன்றுகின்றது. ஒரே தாள் போதும். கணனிகளையும் மென்பொருள்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே திருத்தங்கள் நிற்கும் நாளையும், காப்புப் பிரதியிலிருந்து கோப்பைக் கடைசியாக மீட்டுப் பார்த்த நாளையும் குறித்துக்கொள்க. கடைசி நிரலில், அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் பெயர். பல கந்தோர்களில் அந்நிரலில் ஒரே ஒருவர் பெயர்தான் மேலிருந்து கீழ்வரை வரும். அவர் இளைப்பாறும் நாளையும் அருகே எழுதிக்கொண்டால், எதனை முதலில் மாற்றுவதென்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் அத்தாளிலேயே கிடைத்துவிடும்.