தென்னங்கீற்றின் சாம்பல் நிற அந்து

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரிந்துவரும் ராஜவாய்க்காலின் நீரால் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தென்னையும் செழிக்கின்ற பரமத்தி வேலூர்ப் பகுதியிலே, கோடை முற்றும் பருவத்தில் ஒரு தென்னந்தோப்பின் அடிமட்டைகள் மாத்திரம் தீப்பட்டாற்போல் கருகித் தோன்றுமாயின், அதை வறட்சியின் விளைவென்றே பலரும் எண்ணிவிடுவது சகஜம். காய்ந்த ஓலையைத் திருப்பிப் பார்த்தால் சந்தேகம் தீரும். பட்டுநூலாலும் எச்சத்தாலும் பின்னிய நீண்ட கூடுகள் கீற்றின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்க, அவற்றினுள் கருந்தலையும் பசுமை கலந்த உடலும், அதில் பழுப்புக் கோடுகளும் கொண்ட புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும்.

இப்புழுவின் தாயை அடையாளம் காண்பதுதான் சிரமம். இறக்கை விரித்தால் ஓர் அங்குலமும் தேறாத, சாம்பல் கலந்த வெண்ணிற அந்துப்பூச்சி அது. பெண்ணின் முன்னிறக்கையில் மங்கலான 3 புள்ளிகள் உண்டு. 1864-இல் பிரான்சிஸ் வாக்கர் என்னும் ஆங்கிலேயர் இதை வர்ணித்து, 'ஒபிசினா அரினோசெல்லா' என்று நாமகரணம் செய்தார். பனையும் இதற்கு உணவே.

பெண் அந்து இடும் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் ஏறக்குறைய 5 நாளில் பொரிகின்றன. புழுப்பருவம் சுமார் 40 நாள். அதே கூட்டுக்குள் கூட்டுப்புழுவாக 12 நாள். பிறகு ஒரு வாரம் போன்ற அற்பாயுள் கொண்ட அந்து. ஆக இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிவதால், ஒரே கோடையில் தோப்பு முழுவதும் பரவ இதற்கு அவகாசம் போதும்.

ஆனால் இயற்கை இதற்குச் சத்துருக்களையும் சிருஷ்டித்திருக்கிறது. பிராக்கான், கோனியோசஸ் என்னும் நுண்ணிய குளவிகள் புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன்மீது முட்டையிடுகின்றன. வேறு சில, கூட்டுப்புழுவையே நாடுகின்றன. நம் வீட்டு அரிசியில் காணும் அந்தின் புழுவையே இரையாகக் கொடுத்து இக்குளவிகளை ஆய்வுக்கூடங்களில் பெருக்குகிறார்கள் என்பது எனக்கு என்றும் வியப்பூட்டும் செய்தி. எந்தக் குளவி எந்தப் பருவத்தைத் தாக்கும் என்பது நியதியாதலால், தோப்பில் அப்போதிருப்பது புழுவா கூட்டுப்புழுவா என்றறியாமல் ஒட்டுண்ணிகளை விடுவது வீண் பிரயாசை. மரத்தின் கொண்டையிலும் அவற்றை விடலாகாது. அங்கே சிலந்திகள் அவற்றைத் தின்றுவிடும்.

தோப்புடையோர் கருகிய கீற்றுகளை முதலில் வெட்டி எரித்துவிட்டு, அடுத்து நிற்கும் மட்டையிலிருந்து நாலு ஓலைகளைப் பறித்து, பிரித்துப் பார்க்காமல் அப்படியே வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்; கூட்டினுள் இருக்கும் பருவத்தைக் கண்டபின் உரிய ஒட்டுண்ணியைக் கேட்டு வாங்குங்கள்.