செத்த பேட்டரிக்கு உயிர் வருமா?

கரண்ட் போனதும் யு.பி.எஸ். ஒரு முறை "பீப்" என்கிறது. அடுத்த நொடி மானிட்டர் இருண்டு விடுகிறது. பாதி டைப் செய்த கடிதம் போயே போய்விட்டது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்த ஏமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்று", "ஃப்ரிட்ஜில் வை", "பெரிய பேட்டரியிலிருந்து ஒரு ஷாக் கொடு". இவற்றில் எது பலிக்கும்? எது ஆபத்து?

பாம்பனில் கிடைத்த பாடம்

ஒரு ஜூன் மாதம் பாம்பனுக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் படகு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, இதுக்கு உயிர் குடு பார்ப்போம்" என்றார்.

ஓர் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் செய்தேன். காலையில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்தேன். பத்தே நிமிடத்தில் 10 வோல்ட்டுக்கு இறங்கி, வெளிச்சம் மங்கிவிட்டது. மீட்டரை மட்டும் நம்பி அவரை அனுப்பியிருந்தால், நடுக்கடலில் விளக்கும் வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்.ஸும் ஒன்றாக நின்றிருக்கும். எல்லைக் கோடு அருகிலேயே இருக்கும் பாக் நீரிணையில், இரவில் இருக்கும் இடம் தெரியாமல் போவது சின்ன விஷயமா? அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே புது பேட்டரி வாங்கினார்.

பேட்டரி ஏன் சாகிறது?

படகு பேட்டரியும் உங்கள் யு.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் ஒரே இனம்தான். இரண்டும் லெட் ஆசிட் வகை. பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே 1859ல் கண்டுபிடித்தது. பேட்டரி தீரும்போது ஈயத் தகடுகளில் லெட் சல்பேட் படிகிறது. சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் அது கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறோம். தடைக்காலத்தில் சும்மா கிடந்த படகு பேட்டரிக்கு நேர்ந்தது இதுதான். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களின் யு.பி.எஸ்.ஸுக்கும் இதே கதிதான்.

வெயிலும் ஒரு காரணம். இந்த பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ராமநாதபுரம் வெயிலில், காற்றோட்டம் இல்லாத மேஜைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உப்புக் காற்றா, பேட்டரியா?

கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. யு.பி.எஸ்.ஸை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, இணைப்பைக் கழற்றுங்கள். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, இறுக்கமாக மாட்டி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். "செத்துப் போச்சு" என்று தூக்கி எறியப்படும் சில பேட்டரிகளுக்கு இதுவே போதும்.

என்ன செய்து பார்க்கலாம்?

1. 10 சதவீத கரண்டில், அதாவது 7 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.7 ஆம்பியருக்கு மிகாமல், 14.4 வோல்ட்டைத் தாண்டாத சார்ஜரில் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். காற்றோட்டமான இடம் தேவை. பக்கத்தில் நெருப்பு கூடாது. ஹைட்ரஜன் வெளிவரலாம். பேட்டரி சூடானால் நிறுத்திவிடுங்கள்.

2. சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்து பாருங்கள். 12.8 வோல்ட் அருகில் இருந்தால் நம்பிக்கை உண்டு. எவ்வளவு ஏற்றினாலும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அதற்கு வைத்தியம் இல்லை.

3. முக்கியமானது லோட் டெஸ்ட். பைக் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட், 21 வாட் பல்பை இணையுங்கள். 7 ஆம்பியர் ஹவர் புது பேட்டரி சுமார் 3 மணி நேரம் தாங்கும். 10.5 வோல்ட் வந்ததும் கழற்றிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட வராவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

மூடிய பேட்டரியைத் திறந்து தண்ணீர் விட்டால், உள்ளே காய்ந்து போனது மட்டுமே கோளாறு என்றால், கொஞ்ச நாள் ஓடக்கூடும். ஆனால் ஆசிட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். படிகாரம், உப்பு என்று எதையும் கலக்கவும் வேண்டாம்.

மற்ற பேட்டரிகள்

பழைய நிக்கல் காட்மியம் செல்களுக்குள் ஊசி போன்ற படிகங்கள் வளர்ந்து ஷார்ட் ஆகும். ஷாக் கொடுத்தால் அந்த ஊசி எரிந்து செல் பிழைக்கும். ஆனால் விரைவில் மீண்டும் வளர்ந்துவிடும். செல் வெடிக்கும் அபாயமும் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் சார்ஜ் தானாக இறங்கும் வேகம்தான் குறையும். இழந்த சக்தி திரும்பாது.

லேப்டாப், செல்போன்களில் இருப்பது லித்தியம் அயான். இதில் விளையாடவே கூடாது. மிகவும் தீர்ந்து போன செல்லுக்குள் தாமிரம் கரைந்து படிந்து ஷார்ட் உண்டாகலாம்; வற்புறுத்திச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். விண்டோஸ் 8 முதல் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

வராமல் காப்பதே மேல்

பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நமக்கு அருகில் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாய் நன்கொடையிலும் உருவாகி, 1953ல் திறக்கப்பட்டது. அன்று அது ராமநாதபுரம் மாவட்டம். இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் இறுகிப்போன சல்பேட்டை முழுதாகக் கரைக்க எளிய வழி இல்லை. எனவே ஊருக்குப் போகும் முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இணைப்பைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே செத்துவிட்டால் குப்பையிலோ கடலிலோ போடாதீர்கள். ஈயம் விஷம். 2022ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

அண்ணன் இப்போது தடைக்காலம் தொடங்கியதும் பேட்டரியை வீட்டுக்கே கொண்டு வந்துவிடுகிறார். மாதம் ஒரு முறை சார்ஜ், கடலுக்குப் போகும் முன் ஒரு பல்ப் டெஸ்ட். உங்கள் யு.பி.எஸ்.ஸுக்கும் அதையே செய்யுங்கள்.