ஃபிளாஷ் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் பணி ஓய்வு பெற்ற நாளில், மாலையில் ஒரு சிறு விழா எடுத்தோம். ஊரிலிருந்து அவருடைய தாயாரும் வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்த அந்த அம்மையார்தான் குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கிவைத்தார். விளக்கு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று அரங்கின் மின்விளக்குகளை அணைத்திருந்தார்கள். புகைப்படக்காரருக்குத் தனியே பணம் கொடுப்பானேன் என்று, எங்களுள் ஒருவர் புதிதாக வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவைக் கொண்டு படமெடுக்கும் பொறுப்பை நாங்களே ஏற்றிருந்தோம். ஏழாவது வரிசையில் எழுந்து நின்று, எல்லாவற்றையும் தானியங்கி முறைக்கு விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினோம். ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் பளிச்சிட்டது. படம் நன்றாக விழுந்திருக்கும் என்றே நம்பினோம்.

சில மாதங்களுக்குப் பின் அவர் கிளைக்கு வந்தார். தாயார் காலமான செய்தியைச் சொல்லிவிட்டு, “அம்மா விளக்கேற்றிய படம் ஒன்று இருந்தால் கொடுங்கள், சட்டம் போட்டு மாட்டவேண்டும்” என்றார். கணினியில் தேடினோம். அந்தக் காட்சியை 9 முறை எடுத்திருந்தோம். ஒன்பதிலும் ஆறாம் வரிசை நண்பர்களின் பின்னந்தலைகள் வெளிறித் தெரிந்தன. மேடை இருண்டு கிடந்தது. அந்த இருட்டில் சுடர் ஒரு புள்ளியாக மட்டும் இருந்தது. அதுவரை அந்தப் படங்களை நாங்கள் ஒருவரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் எங்களைக் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவே கேமராவுடன் வந்த கையேட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.

நடந்தது என்ன? ஒளி தொலைவுக்கேற்ப மெலிவது நேர்விகிதத்தில் அன்று. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. முன்வரிசை நண்பரின் தலை எங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் இருந்தது. மேடை ஏறத்தாழ 12 மீட்டருக்கு அப்பால். தொலைவு எட்டு மடங்கு என்றால், மேடையைச் சென்றடைந்த ஒளி 64-இல் ஒரு பங்கு மட்டுமே. சிறிய கேமராக்களில் உள்ள ஃபிளாஷ் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர் வரைதான் பயன்படும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த எல்லை மீட்டர் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கிய அன்றே அந்த ஒரு வரியையாவது படித்துவிடுவது நல்லது. கிரிக்கெட் மைதானத்தின் மேல்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கான ஃபிளாஷ்கள் மின்னுவதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். அவற்றில் ஒன்றுகூட ஆடுகளத்தை எட்டுவதில்லை.

சற்றுப் பெரிய கேமராக்களில் ‘கைடு நம்பர்’ என்று ஓர் எண் தருவார்கள். அதை லென்ஸ் திறப்பின் எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தொலைவு கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் அந்த எண் 12, திறப்பு எஃப் 4 என்றால், 12-ஐ 4-ஆல் வகுக்க 3 மீட்டர். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் தொலைவு இரட்டித்து 6 மீட்டராகும். ஐ.எஸ்.ஓ. என்பது ஒளிக்கு எந்த அளவு இசைந்து பதிவு செய்வது என்று கேமராவுக்கு நாம் சொல்லும் எண். அது கூடக்கூட மங்கிய ஒளியிலும் படம் பதியும். ஆனால் மணல் தூவியது போன்ற புள்ளிகளும் கூடவே வரும். புள்ளி விழுந்த படம், படமே இல்லாததைக் காட்டிலும் மேல் என்பது எங்கள் கருத்து.

அன்று நாங்கள் செய்திருக்கவேண்டியது எளிது. மேடையருகே 2 மீட்டருக்குள் சென்றிருக்கவேண்டும்; ஃபிளாஷை அணைத்திருக்கவேண்டும். மின்னல் குறியின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் அதற்கானது. ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு உயர்த்தி, முழங்கைகளை மேடை விளிம்பில் ஊன்றி, மூச்சை ஒரு கணம் நிறுத்தி அழுத்தியிருந்தால் சுடரின் பொன்னிறம் அந்த முகத்தில் அப்படியே விழுந்திருக்கும். ஃபிளாஷ் எட்டினாலும்கூட அந்தப் பொன்னிறத்தை அது தன் வெள்ளொளியால் துடைத்துவிடும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலான கேமராக்களில் நிலவும் மனித உருவமும் சேர்ந்த ‘இரவு உருவப்படம்’ என்ற முறை இருக்கிறது. அதில் ஃபிளாஷ் ஒரு முறை மின்னும். பிறகும் கண்திறப்பு சற்று நேரம் மூடாமலிருந்து சுற்றியுள்ள ஒளியையும் பதிவு செய்யும். அந்த நேரத்தில் எடுப்பவரும் அசையக்கூடாது, எடுக்கப்படுபவரும் அசையக்கூடாது. குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் இது நடவாத காரியம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். விளக்குச் சுடரின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின்; நண்பகல் வெயில் 5,500 கெல்வின். ‘ஒயிட் பேலன்ஸ்’ என்ற அமைப்பு, இந்த வேறுபாட்டைச் சரிசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக இருப்பது. ஆனால் அதைத் தானியங்கியில் விட்டால் விளக்கொளியின் மஞ்சளையும் ஒரு பிழையாகக் கருதிக் குறைக்க முயலும். குத்துவிளக்கு, அகல் வரிசை போன்றவற்றுக்குச் சூரியன் குறியைத் தேர்ந்துகொண்டால் மஞ்சள் நிலைக்கும்.

இருட்டில் அணைக்கச் சொல்லும் நாங்களே வெயிலில் ஃபிளாஷைப் போடச் சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும். விடுமுறைப் பயணச் சலுகையில் ஆக்ரா சென்று திரும்பும் ஊழியர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால் காரணம் புரியும். பின்னே வெண்பளிங்கில் தாஜ்மகால் ஒளிர்கிறது. முன்னே நிற்கும் குடும்பத்தார் நிழலுருவங்களாக இருக்கிறார்கள். காட்சி முழுவதையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்பது கேமராவின் கணக்கு. வெண்மை மிகுந்த இடத்தில் அந்தக் கணக்குத் தவறி, அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. குடும்பத்தாரை 2 மீட்டர் அருகே நிறுத்தி, ஃபிளாஷைத் தானியங்கியிலிருந்து ‘கட்டாயம்’ என்ற நிலைக்கு மாற்றினால் முகங்கள் தெளியும். கட்டடத்தை மட்டும் எடுப்பதானால் கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானில் +0.7 அல்லது +1 வைத்தால் பளிங்கு அழுக்காகத் தெரியாது. வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் பெரியவர்களுக்கும் இதே மருந்துதான்.

அஜந்தா குகைகளில் ஓவியங்களைக் காக்கும் பொருட்டு ஃபிளாஷுக்கு அனுமதியே இல்லை. குகைக்குள் நுழைவதற்கு முன் வெளியிலேயே அதை அணைத்துவிடவேண்டும். தானியங்கியில் விட்டால் இருட்டில் அது தானாக மின்னிவிடும்.

நம் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் மற்றொரு செய்தி. லாக்கரில் வைக்கும் நகைகளைப் படமெடுத்துப் பட்டியலுடன் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். அப்போது ஃபிளாஷ் வேண்டாம். மிக அருகில் மின்னும் ஒளி பொன்னை வெண்திட்டாக்கி, கல்லின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் மறைத்துவிடும். வெயில் நேரே விழாத சன்னலோரத்தில் வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பூக்குறியுள்ள அண்மை முறையில் எடுக்கலாம். கண்ணாடிச் சட்டத்திலுள்ள பழைய படங்களுக்கும் உறையிட்ட பத்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். ஏ.டி.எம். அட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் படமெடுத்து வைக்கவேண்டாம்.

இனி, படத்தின் அளவு. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200-க்கு 1,800 புள்ளிகள், அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள் வேண்டும். 8-க்கு 10 அங்குலம் என்றால் 72 லட்சம். எடுக்கும்போதே இந்தப் புள்ளிகள் பதிவாகவேண்டும். பிறகு எந்தக் கணினியாலும் உண்மையாக உண்டாக்க முடியாது. ஆகவே அளவை எப்போதும் மிகப் பெரியதிலேயே வையுங்கள். நினைவட்டை நிறைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

விழா நாளன்று நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. நிறையப் படங்கள் அடங்கட்டும் என்று அளவை 640-க்கு 480 என்று குறைத்துவைத்திருந்தோம். விளக்கேற்றிய படம் இல்லை என்று தெரிந்தபின், தேநீர் வேளையில் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவே அந்த அம்மையார் அமர்ந்திருந்த படம் ஒன்று அகப்பட்டது. அருகிலிருந்து எடுத்ததால் ஃபிளாஷ் எட்டியிருந்தது, முகம் தெளிவு, இலேசான சிரிப்பும் இருந்தது. மகிழ்ச்சியோடு ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சென்றோம். பாஸ்போர்ட் அளவுக்கு மேல் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அகலமான மரச்சட்டத்தின் நடுவே, சுற்றிலும் வெள்ளை அட்டை விட்டு, அந்தச் சிறிய படம்தான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டப்பட்டிருக்கிறது.