குறி தவறும் தொலைவு: துப்பாக்கித் தொலைநோக்கியும் பிழையறியும் முறையும்

100 மீட்டரில் இலக்கின் நடுவைத் துளைத்த துப்பாக்கி, 200 மீட்டரில் அதே குறிக்குக் கீழே அடிக்கிறது. தொலைநோக்கி பழுதென்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் பழுது ஏதுமின்றியும் இவ்வாறு நிகழும். காரணத்தை அறிய ஒரு வழியுண்டு. தொலைவை மாற்றி, தொலைவோடு பிழை எவ்வாறு வளர்கிறது என்று அளந்து காண வேண்டும்.

மலேசியாவில் துப்பாக்கியை 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நம் வகுப்பறைக்குத் துப்பாக்கி தேவையில்லை. அதனுள் அடங்கிய இயற்பியலே போதும்.

நேர்கோடும் வளைகோடும்

பார்வைக்கோடு நேரானது; குண்டின் பாதையோ புவியீர்ப்பால் வளைவது. தொலைநோக்கி குழலுக்கு 4 செ.மீ. மேலே பொருத்தப்பட்டிருப்பதாகவும், குண்டு நொடிக்கு 800 மீட்டர் விரைவில் செல்வதாகவும் கொள்வோம். காற்றுத்தடையை நீக்கிக் கணக்கிட்டால், குண்டு 100 மீட்டரில் ஏறத்தாழ 7.7 செ.மீ. விழும், 200 மீட்டரில் 30.6 செ.மீ. விழும். தொலைவு இருமடங்காக, வீழ்ச்சி நான்கு மடங்காகிறது.

ஆதலால் குழலைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, குண்டின் பாதையும் பார்வைக்கோடும் 100 மீட்டரில் சந்திக்குமாறு அமைக்கின்றனர். இத்தொலைவைச் சுழியத் தொலைவு எனலாம். மேற்கண்ட கணக்கில் அவ்விரண்டும் 50 மீட்டருக்கு அருகிலும் ஒருமுறை சந்திக்கின்றன. 200 மீட்டரிலோ குண்டு 11 செ.மீ. தாழ்ந்து செல்கிறது. இது கருவியின் பிழையன்று, இயற்கையின் விதி. காற்றுத்தடையையும் சேர்த்தால் தாழ்வு இன்னும் மிகும்.

பிழையின் வளர்ச்சி

பக்கவாட்டுப் பிழை வேறு வகையினது. குண்டு 100 மீட்டரில் 3 செ.மீ. வலப்புறமும், 200 மீட்டரில் 6 செ.மீ. வலப்புறமும் விழுமாயின், பிழை தொலைவோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. இது கோணப்பிழை, தொலைநோக்கியின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம், 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. விலகலாகும். 100 மீட்டரில் நேராகப் பட்டு, 200 மீட்டரில் மட்டும் பக்கவாட்டில் விலகினால், காற்று வீசுகிறதா, துப்பாக்கி ஒருபுறம் சாய்ந்துள்ளதா என்று ஆராய வேண்டும்.

குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறினால், திருகைத் தொடுவது வீண். தாங்கியின் ஆணிகள் தளர்ந்துள்ளனவா, குழல் சூடேறியுள்ளதா, சுடுபவரின் கை நிலைத்துள்ளதா என்பவற்றையே முதலில் நோக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவது நுட்பம். இலக்கின் நடுவில் விழுவது துல்லியம். நுட்பம் வாய்த்த பின்னரே துல்லியத்தைத் திருத்த இயலும்.

இடமாறு தோற்றம்

ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நின்று, தொலைவில் தெரியும் லேடாங் மலைக்கு நேராகப் பெருவிரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடினால், விரல் மலைமீது இடம்பெயர்வதுபோல் தோன்றும். விரலும் மலையும் வெவ்வேறு தொலைவில் இருப்பதே காரணம். தொலைநோக்கியில் இலக்கின் பிம்பமும் குறுக்குக்கம்பியும் ஒரே தளத்தில் அமையாவிடில் இதுவே நிகழ்கிறது. கண் சற்று நகர, குறியும் நகர்கிறது. துப்பாக்கியை அசையாமல் தாங்கவைத்துத் தலையை மட்டும் அசைத்துப் பார்த்தால் இக்குறை புலப்படும். அளவுகோலைச் சாய்வாகப் படிக்கும் மாணவருக்கு நேரும் பிழையும் இதன் இனமே.

மலாயாவில் ஒரு சான்று

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைச் சிறப்புக் காவலர்கள் காத்து நின்றனர். அக்காலத்தில் இந்நாட்டில் பயன்பட்ட ஆயுதங்களுள் ஒன்று, 'காட்டுக் கார்பைன்' என்று பெயர்பெற்ற ஐந்தாம் எண் லீ-என்பீல்டு துப்பாக்கி. காட்டுப்போருக்கென எடை குறைத்துச் செய்யப்பட்ட அத்துப்பாக்கி, ஒருநாள் சரிசெய்த சுழியத்தை மறுநாள் காப்பதில்லை என்ற குறைக்கு ஆளானது. அதில் தொலைநோக்கி இல்லை. இரும்புக் குறிகளே இருந்தன. எனவே குற்றத்தைத் தொலைநோக்கிமீது சுமத்த வழியில்லை. எடைகுறைப்பால் உடற்பகுதி நெகிழ்ந்தது என்று பலர் காரணம் கூறினர். அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியதே. அதன் உற்பத்தி 1947இல் நின்றது. தொலைவுக்கேற்ப ஒழுங்காக வளரும் பிழையைக் கணக்கால் வெல்லலாம். ஒழுங்கற்று அலையும் பிழைக்குக் கருவியின் உடலையே ஆராய வேண்டும்.

ஆசிரியர்கள் மேற்கண்ட எண்களை மாணவரிடம் தந்து, தொலைவையும் விலகலையும் வரைபடமாக்கச் சொல்லலாம். கோணப்பிழை நேர்கோடாகவும், வீழ்ச்சி வளைகோடாகவும், சிதறல் கோட்டுக்கு அடங்காத புள்ளிகளாகவும் தாளில் தோன்றும். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர், கருவியைக் குறைகூறுமுன் பிழையின் வடிவத்தைக் கேட்டறியப் பழகுவர்.